உளவியலை நான் நாலாம் இடத்துக்கு இறக்கிய நாள்

கொமினிகேஷன் கடைகளில் இப்போது கணினிக்கு முன்னால் இருக்கிற பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். பண்டத்தரிப்புச் சந்திக்குக் கிட்ட ஒரு கடையில் பத்தொன்பது வருஷம் நானும் அந்த இடத்தில்தான் இருந்தேன். கண் மங்கிக்கொண்டு வந்ததால் போன வருஷம் நின்றுவிட்டேன். ஓ.எல். வரைக்கும்தான் படித்தவள், எழுத்தில் பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டோக்கொப்பி அடிப்பதும் விண்ணப்பப் போம் நிரப்புவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைச் சொல்ல நான் வரவில்லை. ஒரு பயத்தைச் சொல்ல வருகிறேன். அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. போகவேண்டும் என்று நான் ஜெபிப்பதும் இல்லை.

காலையில் கடை திறந்ததும், கணினியைப் போடமுன் கண்ணை மூடி ஒரு வசனம் சொல்வேன். "ஆண்டவரே, இண்டைக்கு என்ரை விரலாலை ஒருத்தருக்கும் கேடு வரப்படாது." கடைக்காரரை நாங்கள் முதலாளி அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். அவர் சைவம். நான் கண் திறக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்பார்:

"உங்கடை ஆண்டவருக்கு ரைப்பிங் தெரியுமோ?"

"தெரியாதபடியால்தானே அண்ணை என்னை வைச்சிருக்கிறார்."

வேலையை எனக்குப் பழக்கியது அவர்தான். அவர் அழுத்தி அழுத்திச் சொன்னது ஒன்றே ஒன்று. "போம் முடிஞ்சால், அது ஆருக்குரியதோ அந்த ஆளின்ரை வாயாலை ஒருக்கா வாசிப்பி. கூட்டிக்கொண்டு வாற ஆளின்ரை வாயாலை இல்லை."

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் கடை தொடங்கிய புதிதில் ஒரு மகன் வயதான தாயைக் கூட்டிக்கொண்டு வந்து, வெளிநாடு போவதற்கான போமைத் தானே சொல்லிச் சொல்லி நிரப்புவித்தானாம். கொழும்பில் நேர்முகத்தில் கேட்டபோது அந்த அம்மா உண்மையைச் சொல்லியிருக்கிறார். போமில் வேறு கதை. விசா இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் அந்த அம்மா வந்து கடைப் படியில் காலையிலிருந்து பின்னேரம் வரை இருந்தாராம். ஒரு சொல் பேசவில்லை, கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. "ஏசியிருந்தால் நான் அண்டைக்கே மறந்திருப்பன்" என்பார் முதலாளி அண்ணை.

நான் அதைக் கேட்டேன், நெஞ்சிலும் வைத்தேன். கடவுச்சீட்டுப் போமுக்கும் அடையாள அட்டைப் போமுக்கும் ஆளைக்கொண்டே வாசிப்பித்தேன். ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பக் காலம் வந்தால் கடை தேர்த்திருவிழா மாதிரி. அப்போது அந்த வழக்கம் என் கையை விட்டுப் போய்விடும்.

எங்கள் கடையில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு கதிரைதான். அந்தக் காலத்தில் அதில் தகப்பன் இருப்பார். இல்லாவிட்டால் தாய்மாமன் இருப்பார். சில வேளை கனடாவிலிருந்து கதைக்கிற பெரியப்பாவின் குரலோடு ஒரு போன் அந்தக் கதிரையில் கிடக்கும். பரீட்சை எழுதிய பிள்ளை பின்னால் நிற்கும். நான் கதிரையைப் பார்த்தே கேட்பேன், கதிரைக்கே வாசித்துக் காட்டுவேன். ஒப்பம் வைக்கிற நேரத்தில்தான் பிள்ளைக்கு மேசைக்குக் கிட்ட வர இடம் கிடைக்கும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. உங்கள் கடைகளிலும் இருக்கும், மறைக்காதேயுங்கள். சனங்கள் பாஸ்வேர்டைத் துலைத்துவிட்டு வந்து நிற்பார்கள் என்று, எல்லாருடையதையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். போன் நம்பர் கேட்கிற இடத்தில் கடை நம்பரைப் போட்டுவிடுவேன். வீட்டுக்காரர் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுவார்கள், கடை நம்பர் மாறாது. உதவி என்று நினைத்துத்தான் செய்தேன். அந்த லாச்சிக்குள் ஊர்ப் பிள்ளைகளின் வாழ்க்கை அவ்வளவும் கிடந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஒரு பிள்ளை தகப்பனோடு வந்தாள். தகப்பன் வெங்காயச் செய்கைக்காரர். எப்போதும் நகத்துக்குள் செம்மண் இருக்கும், கதை குறைவு. பிள்ளை கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு. அவள் கையில் பல்கலைக்கழகக் கைநூல் இருந்தது. தாள் மூலைகள் எல்லாம் மடங்கி, பென்சில் கோடுகளோடு. தகப்பன் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரத்தில் விதைவெங்காயம் பற்றி ஆரோ போன் எடுக்க எழும்பி வெளியே போனார். நான் கேட்டேன்:

"என்ன பிள்ளை, முதலாவதா எதைப் போட?"

"உளவியல், அன்ரி. பிறகு குடும்பக் கற்கை. பிறகு சமூகவியல். நாலாவதா இஞ்சத்தைக் கலைப்பீடம்."

"உது மூண்டும் ஒண்டுதானே?"

அவள் சிரித்தாள். "இல்லை அன்ரி. ஒரு ஆள் வீட்டை விட்டு வெளியிலை வரப் பயப்பிடுறா எண்டு வையுங்கோ. அவவின்ரை மனதுக்குள்ளை என்ன நடக்குது எண்டு பாத்தால் உளவியல். அவவாலை அந்த வீட்டுக்குள்ளை மற்றவைக்கு என்ன நடக்குது எண்டு பாத்தால் குடும்பக் கற்கை. ஏன் எங்கடை ஊரிலை உப்பிடிக் கன பேர் இருக்கினம் எண்டு கேட்டால் சமூகவியல்."

எவ்வளவு வடிவாகச் சொன்னாள் என்று நினைத்தேன். அந்த 'ஒரு ஆள்' அவளுடைய தாய் என்று எனக்குத் தெரியும். அந்த மனிசி நாலு வருஷமாகப் படலை தாண்டவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்விடுவார். மகள் பக்கத்தில் இருந்தால்தான் குளிப்பு, சாப்பாடு.

அவள் சொன்ன ஒழுங்கிலேயே போட்டேன். உளவியல் மலைநாட்டுப் பக்கம், இடம் மிகக் குறைவு, படிப்பு முழுக்க ஆங்கிலம். மற்ற இரண்டும் தெற்கே. தகப்பன் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

முடிவுத் திகதிக்கு முதல்நாள் மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அந்த ஒழுங்கை மாத்திவிடுங்கோ. இஞ்சத்தைக் கலைப்பீடம் ஒண்டாவது. உளவியலைக் கடைசியிலை போடுங்கோ."

"பிள்ளைக்குத் தெரியுமோ தம்பி?"

"கதைச்சாச்சு. அவ ஓம் எண்டிட்டா. பைத்தியக்காரரைப் பாக்கிற படிப்பெண்டால் நாளைக்கு ஒரு சம்பந்தமும் வராது."

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். தெரிவை மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். புள்ளி எட்டுகிற முதலாவது படிப்பு எதுவோ அதைத் தருவார்கள். அதற்குக் கீழே இருக்கிறதை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவளுடைய புள்ளிக்கு இங்குள்ள கலைப்பீடம் நிச்சயம் கிடைக்கும். அதை மேலே போட்டால் உளவியலை அழித்துவிடுவதும் நாலாவதாக விடுவதும் ஒன்றுதான். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

தெரிந்துகொண்டே லாச்சியைத் திறந்து கொப்பியை எடுத்தேன்.

ஏன் செய்தேன் என்று உங்களுக்கு மறைக்காமல் சொல்லவேண்டும். தகப்பன் சொல்லுக்குப் பிள்ளை அடங்குவது தேவனுக்குப் பிரியம் என்று வளர்ந்தவள் நான். ஒரு குமர்ப்பிள்ளை அவ்வளவு தூரம் போய்த் தனிய இருப்பது எனக்கும் பிடிக்கவில்லை. தாயை ஆர் பார்ப்பது என்ற கேள்வி எனக்கும் இருந்தது. அந்தப் பிள்ளை என்னைக் கேளாத கேள்விக்கு என் மனம் பதில் வைத்திருந்தது. ஐந்து நிமிஷத்தில் முதலாவது நாலாவதாகி, நாலாவது முதலாவதானது. வீட்டுக்குப் போய்ப் புட்டு அவித்து, ஜெபம் பண்ணி, நல்ல நித்திரை கொண்டேன். அந்த நித்திரையை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் நடுக்கம்.

ஆனால் வீட்டுக்குப் போகமுன் ஒன்று நடந்தது. பின்னேரம் ஐந்து மணிபோல், பதிவுத்தபாலில் அனுப்புவதற்கு ஒப்பம் வைக்கிற பிரதியை எடுக்க அந்தப் பிள்ளை வந்தாள். நான் அச்சடித்துக் கொடுத்தேன். முதல் தாளைப் பார்த்தாள். இரண்டாம் தாளைப் பார்த்தாள். திரும்ப முதல் தாளுக்கு வந்தாள்.

"அன்ரி, இது ஆர் சொன்னது?"

"அப்பா போன் எடுத்தவர் பிள்ளை. நீயும் ஓம் எண்டனியாம்."

அவள் "சரி அன்ரி" என்றாள். அவ்வளவுதான். பிறகு அந்தத் தாள்களை நாலாக மடித்தாள்.

விண்ணப்பத் தாளை ஆரும் மடிக்கமாட்டார்கள். பச்சைக் குழந்தையைப்போல் இரண்டு கையாலும் ஏந்தி, பெரிய உறைக்குள் வைத்துத்தான் கொண்டுபோவார்கள். அவள் பழைய பற்றுச்சீட்டைப்போல மடித்துச் சைக்கிள் கூடைக்குள் போட்டாள். நான் பார்த்தேன். எனக்குள் ஏதோ ஒன்று 'எழும்பிப் போ' என்றது. போட்டோக்கொப்பிக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் எழும்பவில்லை.

அடுத்தநாள்தான் கடைசி நாள். பின்னேரம் நாலு மணிக்கு விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். மத்தியானம் ஒரு மணி இருக்கும், அந்தத் தகப்பன் கடைக்குள் வந்தார். சேர்ட் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது, காலில் செருப்பில்லை.

"அக்கா, பிள்ளை இஞ்சை வந்தவவோ?"

"இல்லைத் தம்பி. ஏன்?"

"விடிய எட்டு மணிக்குச் சைக்கிளோடை வெளிக்கிட்டவ. போன் கட்டிலிலை கிடக்கு. பாண்காரப் பெடியன் கீரிமலை றோட்டிலை கண்டவனாம். நான் கேணியடி முழுக்கப் பாத்திட்டன், கடற்கரையும் பாத்திட்டன். சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை."

'கடற்கரை' என்று அவர் சொன்னதும் நான் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம். இரண்டு பேரும் வாயால் சொல்லவில்லை.

முதலாளி அண்ணை கடைக்கதவைப் பாதி சாத்தினார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானும் ஒருக்காத் தேடக் கீரிமலைப் பக்கம் போனார். போகும்போது என்னைப் பார்த்தார். நான் முதல்நாளே அவருக்குச் சொல்லியிருந்தேன், ஒழுங்கு மாற்றினேன் என்று. அவர் அப்போது கேட்டது, "பிள்ளை வாசிச்சவவோ?" என்று மட்டும்தான்.

தகப்பன் அந்தக் கதிரையில் இருந்தார். இருந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் பொய் சொன்னனான் அக்கா. அவ ஓம் எண்டு சொல்லேல்லை. நான் அவவோடை கதைக்கவேயில்லை."

"ஏன் தம்பி?"

"கதைச்சால் அவ சொல்லுறது சரியெண்டு எனக்குத் தெரியும். சம்பந்தம் கிம்பந்தம் எல்லாம் சும்மா. அவ போனால் வீட்டிலை நானும் மனிசியும்தான். மனிசி அறைக்குள்ளை இருந்து கத்தினால் நான் முற்றத்திலை நிண்டு நடுங்குவன். கிட்டப் போகத் தெரியாது எனக்கு. பிள்ளைதான் போவா. எனக்குப் பயம் அக்கா. வேறை ஒண்டும் இல்லை."

வழமையாகச் சொல்கிற வசனத்தைத் தொடங்கினேன். 'என்ரை விரலாலை' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

அப்போதுதான் மேசையில் கிடந்த கடைப் போன் கிணுங்கியது. அழைப்பு இல்லை, ஒரு மெசேஜ். பாஸ்வேர்ட் மாற்றுவதற்கான ஆறு இலக்கம், பத்து நிமிஷத்துக்குள் பாவிக்கவேண்டும் என்று. பக்கத்தில் விண்ணப்ப இலக்கம். கொப்பியை எடுத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை. முதல்நாள்தான் அந்த இலக்கத்தை அடித்தவள் நான்.

"தம்பி," என்றேன், "பிள்ளை எங்கேயோ ஒரு கணினிக்கு முன்னாலை இருக்கிறா."

"ஆர் சொன்னது?"

"இது."

அவர் போனைப் பார்த்தார், விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தி முடிக்கமுன் அழைப்பு வந்தது. தெரியாத நம்பர். சத்தமாகக் கேட்கும்படி போட்டேன். ஒரு பெடியனின் குரல்.

"அன்ரி, உங்கடை போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். ஒருக்கா வாசிக்கிறியளோ?"

"கேக்கிறது ஆர் தம்பி?"

அங்கே போன் கைமாறியது. பிறகு அந்தப் பிள்ளையின் குரல்:

"நான்தான் அன்ரி."

தகப்பன் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். கையைக் காட்டி, பேசாதேயுங்கள் என்றார். என் காதுக்குக் கிட்ட வந்து மெல்லச் சொன்னார்: "நம்பரைக் குடாதேங்கோ. குடுத்தால் அவ வரமாட்டா. முதல்லை எங்கை நிக்கிறா எண்டு கேளுங்கோ. வந்து எடுக்கச் சொல்லுங்கோ."

பிள்ளைகளே, இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காலையிலிருந்து காணாமல் போன பிள்ளை. அந்த ஆறு இலக்கம் ஒரு கயிறு மாதிரி. பிடித்து இழுத்தால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆனால் இழுத்தால் அந்தக் கயிறு அறுந்துவிடவும் கூடும். அறுந்தால் அவள் திரும்ப எந்த றோட்டில் போவாள்? பத்து நிமிஷத்தில் இரண்டு போய்விட்டது.

கொடுப்பதும் வைத்திருப்பதும் என்னுடைய வேலை இல்லை என்று அப்போது எனக்குத் தெளிவாகப் பட்டது. ஆண்டவர் காட்டினார் என்றுதான் நான் சொல்வேன். நீங்கள் வேறு மாதிரிச் சொன்னாலும் எனக்குக் கோபமில்லை. போனைத் தகப்பனின் கையில் வைத்தேன்.

"நான் வாசிக்கமாட்டன் தம்பி. மறைக்கவும் மாட்டன். உங்கடை பிள்ளை, நீங்கள் வாசியுங்கோ."

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்தார்.

"பிள்ளை..."

பெடியன் ஏதோ மெல்லச் சொல்வது கேட்டது. அவள் வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எழுது பிள்ளை," என்றார். "நாலு. ஒண்டு. ஒண்டு. ஆறு. ரெண்டு. எட்டு."

கொஞ்சம் பொறுத்து அவள் குரல்: "பிழையெண்டு வருது அப்பா."

அவர் ஐந்தை ஆறு என்று வாசித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் நின்றால் இலக்கம் எங்கே தெரியப்போகிறது? அந்த இலக்கம் பூட்டுப்பட்டுவிட்டது, புதிது அனுப்பவேண்டும். அவள் நினைத்திருக்கலாம், அப்பா வேண்டுமென்றே பிழையாகச் சொன்னார் என்று. நானே ஒரு கணம் அப்படி நினைத்தேன். புதியது வர மூன்று நிமிஷம் எடுத்தது. அந்த மூன்று நிமிஷமும் மூன்று பேரும் போனை வைக்காமல் நின்றோம். அங்கே ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கக்கூடாது என்று நான் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது வந்தது. இந்தமுறை சாரத்தின் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இலக்கத்தையும் விரல் வைத்து வாசித்தார்.

"திறந்திட்டுது" என்றாள். பிறகு, கேட்கமாட்டாள் என்று நான் நினைத்ததை அவள் கேட்டாள். "அப்பா, ஒண்டாவதா எதைப் போட?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பினேன்.

"நீ போட்டிட்டு வாசி பிள்ளை. நான் கேக்கிறன்."

தட்டுகிற சத்தம். பிறகு அவள் வாசித்தாள்.

"உளவியல்."

"ஓம்."

"குடும்பக் கற்கை."

"ஓம்."

"சமூகவியல்."

"ஓம்."

"இஞ்சத்தைக் கலைப்பீடம்."

"அதுவும் கிடக்கட்டும்" என்றார்.

அவள் இருந்தது நீர்வேலியில், கூடப் படித்த பிள்ளையின் தமையன் நடத்துகிற கடையில். கீரிமலையில் தேடிக்கொண்டிருந்த முதலாளி அண்ணைக்கும் நான் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். பெடியன் புதிய பிரதி அச்சடித்துக் கொடுத்து, தபாற்கந்தோர் மூடமுன் பதிவுத்தபாலில் அனுப்புவித்துவிட்டுத்தான் வீட்டுக்கு விட்டான். தகப்பன் அங்கே போகவில்லை. வீட்டுக்குப் போய் மனிசியோடு இருந்தார், அவள் வரும்வரை.

உளவியலுக்கு அவளுடைய புள்ளி ஒரு மயிரிழையில் எட்டவில்லை. குடும்பக் கற்கை கிடைத்தது. போய்விட்டாள். தாய் இன்னும் படலை தாண்டவில்லை. தகப்பன் இப்போது முற்றத்தில் நிற்பதில்லை, அறை வாசலில் ஒரு கதிரை போட்டு இருக்கிறாராம். நான் அந்த சீ.ஆர். கொப்பியைத் தாள் தாளாகக் கிழித்து, அந்தந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு ஒரு மாதம் சென்றது. சிலர் ஏன் என்று கேட்டார்கள். எனக்குப் பயமாயிருக்கு என்றேன்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது அவள் கடைக்கு வந்தாள். கடையில் ஆளில்லாத நேரம். அவ்வளவு நாளும் எனக்குள் கிடந்ததைக் கேட்டேன்.

"பிள்ளை, அண்டைக்கு விடியக் கீரிமலைக்கு ஏன் போனனீ?"

"சும்மா போனன் அன்ரி. கடலைப் பாத்துக்கொண்டு இருந்தன்."

"பிறகு?"

"பிறகு பசிச்சுது. எழும்பி நீர்வேலிக்குச் சைக்கிளை உழக்கினன்."

அவள் மேசையில் கிடந்த கடைப் போனை எடுத்து, ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இப்ப என்னட்டைக் கேக்கிறீங்கள் அன்ரி," என்றாள், கோபமில்லாமல்தான் சொன்னாள். "அப்பா போன் எடுத்த நேரம், 'பிள்ளையிட்டைப் போனைக் குடுங்கோ' எண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

பசி வராமல் இருந்திருந்தால் என்று நான் இன்றைக்கும் நினைப்பேன். அந்த நினைப்பு வந்தால் கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆகவே, கணினிக்கு முன்னால் இருக்கிற பிள்ளைகளே, ஆராவது போன் எடுத்து ஒழுங்கை மாற்றச் சொன்னால், தகப்பனோ தாயோ வெளிநாட்டுப் பெரியப்பாவோ, உங்கள் கை விசைப்பலகைக்குப் போகமுன் வாயால் கேளுங்கள். 'பிள்ளையிட்டைப் போனைக் குடுங்கோ' என்று. வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் கேளுங்கள்.